ஒரே அடி இரண்டு முறை வராது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மீசைக்காரர் மறுபடியும் கடை திறந்துவிட்டார், அந்தக் கதையை அவரே விலாவாரியாக எழுதுவார். இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வரும்போது திட்டிக்கொள். இப்போது எழுதாமல் இருக்க முடியாத ஒரு விஷயம் வந்திருக்கிறது.

"டிரம் மெஷினில் என்னடா இருக்கு, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும்" என்று, மிருதங்கக்காரன் நீ, தானாகத் தாளம் போடும் அந்தக் கருவியைத் திட்டி மொட்டை மாடியில் எத்தனை ராத்திரி கத்தியிருப்பாய்! இனி அதைச் சொல்ல உன்னை விடமாட்டேன்.

ஆட்டெக்கர் என்று மின்னணு இசை போடும் இருவர். ஷான் பூத், ராப் பிரவுன். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ரோச்டேல்தான் ஊர். 1994இல் இவர்கள் போட்ட 'ஆன்டி' என்ற இசைத்தட்டில் 'ஃப்ளட்டர்' என்று ஒரு பாட்டு. பாட்டு என்று சொன்னாலும் அதில் ஒரு வார்த்தை கிடையாது. பத்து நிமிடம் டிரம் மெஷின் ஓடுகிறது, ஒரு ஆவர்த்தம், அதாவது ஒரு தாளச் சுற்று, போல இன்னொன்று இல்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. 1992 மே மாதம் இங்கிலாந்தில் காசில்மார்ட்டன் என்ற வெட்டவெளியில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி, நாள்கணக்கில் ஆடித் தீர்த்தார்கள். அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. திறந்தவெளியில் 100 பேரோ அதற்கு மேலோ ராத்திரியில் கூடி, ஊராருக்குத் தொல்லையாகும்படி சத்தமாக இசை போட்டால் போலீஸ் கலைக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். இசை என்றால் எது என்றும் அதிலேயே எழுதினார்கள்: முழுக்கவோ பெரும்பாலுமோ திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளால் ஆன ஒலியும் அதில் அடக்கம்! ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் தாளத்துக்கு இப்படி ஒரு வரையறை. யோசித்துப் பார்.

ஆட்டெக்கர் இருவரும் கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்பவில்லை. அடி திரும்ப வந்தால்தானே குற்றம், திரும்பவே வராத தாளத்தைக் கட்டிவிட்டார்கள். இசைத்தட்டின் உறையை ஒரு ஒட்டுத்தாளால் மூடி, அதில் எல்லாவற்றையும் அச்சடித்தார்கள். மற்ற இரண்டு பாட்டுகளில் திரும்ப வரும் அடிகள் உண்டு, மசோதா சட்டமானால் போடாதீர்கள். ஃப்ளட்டரை நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்திலும் போடலாம், 33 சுற்று வேகத்திலும் போடலாம். ஆனால் போலீஸ் தொந்தரவு செய்தால் சாட்சி சொல்ல ஒரு வக்கீலும் ஓர் இசை வல்லுநரும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தாங்கள் எந்தக் கட்சியும் இல்லை, இது தனிமனித சுதந்திரம் பற்றியது என்றும் கூடவே ஒரு வரி. விற்ற காசை 'லிபர்டி' என்ற உரிமை அமைப்புக்குக் கொடுத்தார்கள். அந்த நவம்பரில் மசோதா சட்டமாகிவிட்டது என்பது வேறு கதை.

கொள்கைக்காகச் செய்தது, கேட்க வறட்சியாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கேட்டுப் பார். மேலே சிந்தசைசர் ஒரு மெட்டைச் சாவகாசமாகச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. மெட்டு திரும்ப வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லையே! கீழே அடிகள் மட்டும் நழுவிக்கொண்டே இருக்கின்றன. ஒரு அடியை எதிர்பார்த்துக் கையை ஓங்கினால் அது அரை நொடி முந்திப் போயிருக்கும். ஆனாலும் கால் தானாக ஆடுகிறது. கோபத்தில் பிறந்த ஒன்றுக்கு எங்கிருந்து இவ்வளவு கனிவு வந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்புறம் ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். கச்சேரியில் தாளக்காரர் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் நீ வாசித்ததையே வாசிப்பதில்லை, ஆனால் உள்ளே எண்ணிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதிலும் அப்படி ஒரு எண்ணிக்கை ஓடுகிறதா, அல்லது என் காது அதைச் சேர்த்துக்கொள்கிறதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கையால் வாசிக்கிறவனுக்குத் தெரியும். தீபாவளிக்கு வரும்போது மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு வா. ஃப்ளட்டரைப் போட்டுவிட்டு உன்னைக் கூடவே வாசிக்கச் சொல்லப்போகிறேன். பழைய சண்டையை அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் மாடிக்காரன்