கவச வண்டி கடைசியில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுதத்தோடு கட்டடத்துக்குள் புகுந்து பணயக்கைதிகளைப் பிடித்து வைப்பவர்களைச் சமாளிக்கப் புதுச்சேரி போலீசுக்குத் தனி அதிரடிப் பிரிவு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் அடிபடுவது கவச வண்டிதான். குபேர் அங்காடிச் சந்துகளுக்குள் அது நுழையாது. முதலில் ஆள் கணக்கைப் பார்ப்போம்.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009-ல் சென்னையில் மத்திய அரசின் அதிரடிப் படையான என்.எஸ்.ஜி.யின் (தேசியப் பாதுகாப்புப் படை) மையம் வந்தது. அங்கிருந்து இங்கே சுமார் 150 கி.மீ. தகவல் போய், உத்தரவு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சேர நான்கு மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை சுற்றி வளைப்பது, பேச்சுக் கொடுத்து நேரம் வாங்குவது, உள்ளே சுடத் தொடங்கிவிட்டால் நுழைவது எல்லாம் உள்ளூர் ஆட்கள் பொறுப்பு.

இதற்குச் சம்பவ இடத்தில் குறைந்தது 17 பேர் வேண்டும்: உள்ளே நுழைய 8, குறிபார்த்துச் சுடுபவரும் உடன் கண்காணிப்பவருமாக இரண்டு ஜோடி, பேச்சுவார்த்தைக்கு 2, முதலுதவிக்கு 1, ஓட்டுநர் 1, தலைமைக்கு 1. பேச்சுவார்த்தைக்கு இருப்பவர்களில் ஒருவருக்காவது இந்தி சரளமாக வரவேண்டும். சுற்றுலா ஊர் இது. 17 பேரையும் 24 மணி நேரமும் ஷிப்டில் வைப்பதென்றால் வார விடுப்பு, லீவு, கோர்ட், உடல்நலம் எல்லாம் சேர்த்து ஒரு இடத்துக்கு ஐந்து பேர் என்று 85 பேர் தேவைப்படும். நம் ஊருக்கு அது கட்டாது. எந்நேரமும் 4 பேர் தயாராக இருக்க 20 பேர், அழைத்தால் அரை மணியில் வந்து சேர ஸ்டேஷன்களில் வேலை செய்யும் 15 பேர், ஆக 35 என்பது நடக்கக்கூடிய கணக்கு.

இந்தப் பட்டியலைக் கெடுப்பது பந்தோபஸ்து. புத்தாண்டு இரவு கடற்கரைச் சாலைக்கு, மாசி மகத்துக்கு, வி.ஐ.பி. வருகைக்கு என்று முதலில் உருவப்படுவது இவர்கள்தான். பயிற்சி நாள் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். டி.ஜி.பி.யின் எழுத்து உத்தரவில்லாமல் இவர்களை வேறு பணிக்கு எடுக்கக்கூடாது என்று பிரிவைத் தொடங்கும் ஆணையிலேயே எழுதாவிட்டால், பிரிவு ஏட்டில்தான் இருக்கும். மாதம் 16 மணி நேரப் பயிற்சியாவது அவசியம். ஆளுக்கு மாதம் 50 ரவுண்டு (தோட்டா) என்றாலே 35 பேருக்கு ஆண்டுக்கு 21,000 ரவுண்டு. பயிற்சித் தோட்டாவுக்குத் தனிக் கணக்குத் தலைப்பில் பணம் ஒதுக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் டீசலுக்குப் போய்விடும்.

குண்டு துளைக்காத ஜாக்கெட் வாங்குவதில் பெரும் தவறு, எல்லோருக்கும் ஒரே அளவு வாங்குவது. ஜாக்கெட்டின் முன்பக்கம் செருகும் கெட்டியான காப்புப் பிளேட்டின் மேல் விளிம்பு கழுத்துக் குழிக்கு நேராக நிற்கவேண்டும்; தொப்பையில் வந்து உட்கார்ந்தால் நெஞ்சு திறந்து கிடக்கும். செராமிக் பிளேட் கீழே விழுந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. உள்ளிருக்கும் துணிப் பகுதிக்கு ஈரமும் வெயிலும் ஆகாது. நம் கடல் காற்றில் ஈரச் சுவர் அறையில் ஆணியில் மாட்டி வைத்தால் தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் வரை தாங்காது. உலர்ந்த அறையில் படுக்கை வாட்டில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதியை எழுதவேண்டும். இந்த ஜாக்கெட்டுகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 17051 சான்று இருந்தாலும், வந்த சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே பில்லில் கையெழுத்துப் போடவேண்டும். உடையும் அப்படித்தான். கறுப்பு உடை போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும். மே மாத வெயிலில் பத்து கிலோ ஜாக்கெட்டோடு இரண்டு மணி நேரம் நின்றவரிடம் கேட்டால் வேறு நிறம் சொல்வார்.

அடுத்தது கதவு. வெளிநாட்டுப் பயிற்சிப் படங்களில் வருவது போல இடிப்பான் கொண்டு மோதினால் உள்ளே திறக்கும் மரக்கதவுதான் உடையும். இங்கே வீட்டுக்கு வீடு வெளியே திறக்கும் இரும்பு கிரில் கேட், பூட்டு உள்பக்கம். கடை என்றால் ஷட்டர். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் தடித்த இரட்டைக் கதவு, பின்னால் குறுக்குத் தாழ்ப்பாள். ஆகவே 36 அங்குல போல்ட் கட்டர், கடப்பாரை, பேட்டரி கிரைண்டர், கிரில்லை விரிக்கும் ஹைட்ராலிக் கருவி எல்லாம் ஒரே பையில் வேண்டும். தீயணைப்பு வீரர்களுக்கு இது கைவந்த வேலை. அவர்களோடு சேர்ந்து பழகலாம். பலத்த சத்தமும் வெளிச்சமும் எழுப்பி உள்ளிருப்பவரைத் திகைக்க வைக்கும் ஒலி-ஒளி குண்டு மெத்தையிலும் திரைச்சீலையிலும் தீ பிடிக்க வைக்கும் என்பதால், நுழையும் குழுவில் ஒருவர் கையில் தீயணைப்பான் இருக்கவேண்டும்.

கை காலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். ஒவ்வொருவரும் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் ஒரு டூர்னிகே கட்டுப்பட்டையை ஜாக்கெட்டில் இரு கையும் எட்டும் இடத்தில் வைத்திருக்கவேண்டும், ஒற்றைக் கையால் கட்டிப் பழகவேண்டும். ஜிப்மர் அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் முறையும் எழுத்தில் இருக்கட்டும்.

காரைக்கால் சுமார் 130 கி.மீ. தள்ளி, மாஹே கேரளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். இங்கிருந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். காரைக்காலுக்கு ஆறேழு பேர் கொண்ட சிறு குழு தனியே வேண்டும். மாஹேக்குக் கேரள போலீசோடும் ஏனாமுக்கு ஆந்திர போலீசோடும், யார் அழைப்பது, யார் தலைமை, எந்த வயர்லெஸ் சேனல் என்பதைச் சொல்லும் ஒப்பந்தம் போடவேண்டும். பாகூர் பக்கம் சம்பவம் என்றால் கடலூர் போலீசோடும் இதே ஏற்பாடு வேண்டும்.

இப்படிக்கு,
ஆயுதப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி