பாலியோ ஓடுகிறது, எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என் பழைய ஃபியட் பாலியோ கார் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் நீலாம்பூர் பைபாஸில் எண்பதைத் தாண்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் துளி ஆடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "இப்பத்தான் இது காரு" என்றார். பழைய வண்டிக்குச் செலவு செய்வதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். கடையில் வாங்கிய அலாய் வீலோடு வண்டி ஆடுகிறது என்று கொஞ்ச காலமாக நான் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு நீங்கள் சலித்திருப்பீர்கள், அதனால் பழைய கதைக்குள் மறுபடி போகவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

முதலில் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவர் கார் வேலை செய்கிறவர் இல்லை. பம்ப் ஷாப்டும் ஸ்லீவும் கடைகிறவர். ஒரு சீட்டில் அளவு எழுதிக்கொண்டு அவரிடம் போனேன்: வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 58.1, அலுமினியத்தில் நாலு ஹப் ரிங். கடையில் வாங்கும் அலாய் வீலின் நடு ஓட்டை பல வண்டிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெரிதாக விட்டிருப்பார்கள். பாலியோவின் ஹப், அதாவது வீலின் நடு ஓட்டை வந்து உட்காரும் குமிழ், 58.1 மில்லிமீட்டர்தான். நடுவில் வளையம் போட்டால்தான் வீல் மையத்தில் உட்காரும். நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இது. அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சீட்டுக்கு நான் கடையறதில்லீங்க தம்பி. ஹப்பக் காட்டுங்க."

ஹப் வண்டியில் இருக்கிறது, வண்டி சூலூரில் எங்கள் வீட்டுக் கட்டுத்தரையில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் எக்ஸெல்லில் அவரே வந்து நின்றார். வெர்னியர், எமரித் தாள், ஒரு சின்ன டப்பா, எல்லாம் பழைய துண்டில் சுற்றியிருந்தது. துருவைத் தேய்த்தெடுத்துவிட்டு, இப்படி ஒரு தடவை அப்படி ஒரு தடவை குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். அப்புறம் விரலை உள்ளே விட்டு ஹப்பின் அடியைத் தடவினார். அங்கே மூலை கூராக இல்லை, லேசான வளைவு. ரிங்கின் உள் விளிம்பைச் சரித்துவிடாவிட்டால் அது அந்த வளைவில் ஏறி நின்றுகொள்ளும், வீல் சப்பென்று படியாது. இதை நான் வாங்கிய எந்த ரிங் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

கேட்ட வேலை அதோடு முடிந்தது. அவர்தான் கிளம்பவில்லை. "போல்ட்டு எப்படி உக்காருதுன்னு ஒருக்கா பாத்தரலாமுங்க" என்று டப்பாவைத் திறந்தார். பிரஷ்யன் ப்ளூ, இரண்டு உலோகம் எங்கே தொடுகிறது என்று ஒட்டிக் காட்டும் நீலப் பசை. போல்ட்டின் கூம்பில் விரலால் மெல்லிசாகப் பூசி, வீலை மாட்டி, முடுக்கி, மறுபடி கழற்றினார். வீலின் குழியில் நீலம் ஒரு பக்கம் மட்டும், மூன்றாம் பிறை அளவுக்குத்தான் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளவென்று வெள்ளை.

ஆட்டத்துக்குக் காரணம் அங்கே கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஃபியட்டின் நாலு போல்ட்டும் 98 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கும். "டைரக்ட் ஃபிட்" என்று எனக்கு விற்கப்பட்ட வீலில் ஓட்டைகள் 100 வட்டத்தில். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது. கையால் திருகும்போது நூல் பிடித்துக்கொள்ளும், ஆளை நம்ப வைத்துவிடும். முடுக்கினால் போல்ட் வளைந்து ஓரத்தில் மட்டும் அழுத்தும். ரிங்கை மட்டும் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் என்றைக்காவது போல்ட் தளர்ந்திருக்கும். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ரிங்குக்கான கூலியைக் கறாராக வாங்கிக்கொண்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. வந்து போனதற்கு அம்மா கொடுத்த மோர் போதும் என்றார். ப்ளூ டப்பாவை மட்டும் என்னிடமே விட்டுப் போனார்: "இனி நீங்களே பாத்துக்கலாமுங்க."

ஈரோட்டு நண்பர் வாபிள் போல்ட்டுகளைக் காலை பஸ்ஸில் போட்டுவிட்டார். அந்த போல்ட்டில் கூம்பு தனி வளையமாக இருப்பதால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு நகர்ந்து கொடுக்கும். மாட்டும் முன் நானே ப்ளூ பூசிப் பார்த்தேன். நாலு குழியிலும் முழு வட்டம். கட்டுத்தரையில் தனியாகக் கத்தினேன், எருமை திரும்பிப் பார்த்தது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உக்கடம் பழைய சாமான் கடையில் எஞ்சின் மவுண்டைத் தோண்டியெடுத்துக் கொடுத்த பாய், லோயர் ஆர்ம் புஷ்ஷை பிரஸ்ஸில் ஏற்றித் தந்த பல்லடத்துக்காரர், ஸ்பிரிங்கை வெட்டாதே என்று ராத்திரியில் போன் போட்டுத் திட்டிய பொள்ளாச்சி மாப்பிள்ளை, ஜாக் கொடுத்த தறிக்குடோன் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. மாட்டை வேறு இடத்தில் கட்டிய அப்பாவுக்கும்தான்.

பாலியோ இங்கே வந்தது 2001-ல். 1.6 ஜி.டி.எக்ஸ் என்றால் 1596 சி.சி., நூறு குதிரைத்திறன். அன்றைக்கு அந்த அளவுச் சின்னக் காரில் அது பெரிய விஷயம். இன்றைக்கு ஷோரூமும் இல்லை, புதுச் சாமானும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கோயமுத்தூரைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டத்தைச் சரியாக உட்கார வைக்கத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதில் பாதிப்பேர் இந்த வண்டியை ஓட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கைக் காட்டித்தான் இந்த ஊரின் கார் பெருமையைப் பேசுகிறோம். நான் இனி கணபதி லேத் சத்தத்தையும் சேர்த்துக்கொள்வேன்.

அளவுகளையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாலியோ வைத்திருக்கிறவர்கள் கேளுங்கள். "ஃபிட் ஆகும்" என்று மட்டும் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டேன். வண்டியோடு சூலூருக்கு வாருங்கள், ப்ளூ பூசிப் பார்த்துவிடலாம், டப்பாவில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. அப்புறம், பின் சைலன்சர் பம்பரில் உரசுகிறது. அந்த ஹேங்கர் ரப்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.