சேகருக்கு, ஆட்டோமேட்டிக் வாங்கிய குற்றத்துக்காக

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பாலு சொன்னான். சொட்டு மருந்து வேளை தவறக் கூடாது, அதில் மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் இப்போதே திட்டி முடித்துவிடு, நேரில் பேச வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் உன் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆட்டோமேட்டிக் கார் வாங்கிவிட்டாயாமே! அதையும் நீ சொல்லவில்லை, பாலு சொல்லித்தான் தெரியும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது என்கிறாயாம். இருக்கட்டும். சோழவரம் ரேஸில் மொட்டை வெயிலில் நின்றுகொண்டு, வளைவுக்கு முன்னால் ஒவ்வொரு காரும் இரண்டு தடவை உறுமுவதைக் கேட்டுவிட்டு, “பார்றா, பிரேக்கும் போடறான், ஆக்சிலரேட்டரும் குடுக்கறான், ஒரே கால்ல!” என்று என் தோளைக் குத்திக் கன்றிப்போக வைத்தவன் யார்? கிளட்ச் இல்லாத வண்டியைத் தொட்டால் கையை வெட்டிக்கொள்வேன் என்று சபதம் போட்டவன் யார்? கை இன்னும் இருக்கிறதா?

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் பெண் யாழினி. சின்ன வயதில் அவளை மடியில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி ரேஸ் கதை சொன்ன பாவம் உன்னுடையது. அவள் இப்போது கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம். ரேஸ் நடக்கும் நாளில் ஃப்ரண்ட்ஸோடு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கிளம்பிவிடுகிறாள். ஃபார்முலா ஒன் ரேஸ்காரர் சென்னா ஜப்பானில் சுசுகா தடத்தில் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். ஓட்டுகிற பழைய வீடியோ ஒன்று இருக்கிறதே, கேமரா பெடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்குமே, அதை வைத்துக்கொண்டு ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஆபீஸுக்குப் போகிறவர் போல லோஃபர் ஷூவும் வெள்ளை சாக்ஸும். கியர் இறக்கும்போது பிரேக்கை விடாமலே பாதம் ஒருக்களித்து ஆக்சிலரேட்டரைத் தட்டிவிட்டு வரும். ஹீல் அண்ட் டோ என்பார்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும்.

அந்த ஒன்றுமே இல்லாததை நம் பொள்ளாச்சி கோயமுத்தூர் ரோட்டில், சாயங்காலம் 6 மணி நெரிசலில், தடியான அடிப்பாகம் வைத்த செருப்போடு, என் பழைய மாருதி ஜென் காரில் செய்து பார்த்திருக்கிறாள். முன்னால் டவுன் பஸ். பிரேக் மிதித்தாள், கிளட்ச் மிதித்தாள், கியரை இறக்கினாள், பாதத்தை உருட்டினாள். செருப்பு பிரேக்கிலிருந்து வழுக்கி மொத்தமாக ஆக்சிலரேட்டர் மேல் உட்கார்ந்துகொண்டது, அதே நேரம் இடது கால் கிளட்சை விட்டுவிட்டது. வண்டி பாய்ந்து பஸ்ஸின் பின் பம்பரைத் தொட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை, ஜென்னின் நம்பர் பிளேட் மட்டும் மடங்கியது. கண்டக்டர் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, “ஏறோணும்னா படி அந்தப் பக்கம் இருக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டு விசில் அடித்துப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

நான் கத்தினேன். கத்தி முடித்ததும் அவள் கேட்டாள்: “உங்களுக்கு அது செய்யத் தெரியுமா ப்பா? தெரியாததை எப்படித் தப்புன்னு சொல்றீங்க?”

கலா சமையல் கட்டிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா?

சேகர், தடுக்கப் போனவன் மாட்டிக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில், கார் ஷெட்டில், எஞ்சினை அணைத்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். பெயரில் இருக்கிறபடி குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தொடுவது அந்தக் காலத்து வண்டிகளின் பெடல் அமைப்புக்குச் சரி. ஜென்னில் அது நடக்காது. கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற மேடு பிரேக்கின் வலது ஓரத்தில் உட்கார வேண்டும், சுண்டு விரல் பக்கத்து விளிம்பு ஆக்சிலரேட்டர் மேல் தொங்க வேண்டும். பிரேக்கின் அழுத்தம் மாறாமல் கணுக்காலை மட்டும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். எழுதுவதற்கு எளிது. முதல் வாரம் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கலாவின் தைலம்தான்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பாய். மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடுகிறது என்று வை. அதே வேகத்தில் இரண்டாவது கியர் போட்டால் அது ஏறக்குறைய 3,000 சுற்றில் ஓடியாக வேண்டும். அந்த மிச்ச ஆயிரத்தை யார் கொடுப்பது? நாம் கொடுக்காவிட்டால், கிளட்சை விடும்போது சக்கரம் எஞ்சினைப் பிடித்து இழுத்துச் சுற்ற வைக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்கிறது, வண்டி வெடுக்கென்று பின்வாங்குகிறது, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். கிளட்சை விடுவதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. இது ராசு மாமாவுக்குத் தெரியாததா? சங்ககிரியில் அவர் லேலண்ட் லாரி ஓட்டிய காலத்தில் டபுள் கிளட்ச் போடாமல் கியர் இறங்கவே இறங்காது, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும். நாம் கேபினில் ஏறிப் போன அன்று ஒவ்வொரு ஏற்றத்திலும் அவர் நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டு, எஞ்சினை உறும வைத்து, மறுபடி மிதித்துப் போடுவாரே! நாம் அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்தோம். காரில் கியர் பெட்டிக்குள் இருக்கிற சிங்க்ரோமெஷ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் பல் கத்துவதில்லை, நமக்கும் அந்தக் கவலை இல்லாமல் போய்விட்டது.

ரேஸ்காரனுக்கு இதில் இன்னொரு நிர்ப்பந்தம். வளைவுக்கு முன்னால் கடைசி நொடி வரை பிரேக் போடுகிறான், அந்த நேரத்துக்குள்ளேயே கியரும் இறங்கியாக வேண்டும். இருப்பது ஒரு வலது கால். பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் அந்த வெடுக்கென்ற இழுப்பு வந்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். அவனுக்கு அது வித்தையே இல்லை, தேவை.

ரோட்டில் ஓட்டும் நமக்கு? இங்கேதான் எனக்குப் பெரிய வேடிக்கை காத்திருந்தது. சாதாரண காரில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட உயரத்தில் இருக்கிறது. ரேஸில் மிதிக்கிற மாதிரி ஓங்கி மிதித்தால் பிரேக் கீழே போய் இரண்டும் சமமாக வரும், பாதம் தானாக எட்டும். நாம் ரோட்டில் மிதிப்பது அதில் கால்வாசி. பிரேக் மேலேயே நிற்கிறது, ஆக்சிலரேட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. எட்டித் தட்டப் போனால் பிரேக் கூடுதலாக அமுங்கி மூக்கு தரையைப் பார்க்கிறது. யாழினியின் கால் வழுக்கியதும் இதனால்தான், செருப்பு பாதிக் காரணம். நிதானமாக ஓட்டுகிற ஆளுக்கு அந்த வித்தை கைக்கு எட்டாது. எட்டுகிற அளவுக்கு ஓங்கி மிதித்தால், பின்னால் வருகிறவன் நம் டிக்கியில் இருப்பான்.

புது வண்டிகள் பலவற்றில் அதுவும் கிடையாது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கினால் எஞ்சின் கம்மென்று இருக்கிறது. பிரேக்குக்குத்தான் மரியாதை. 2009-இல் அமெரிக்காவில் தரை விரிப்பில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டு ஒரு குடும்பமே போன பிறகு இந்த ஏற்பாடு நிறைய வண்டிகளுக்கு வந்துவிட்டது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம் அதே 2009 மாடல் நிசான் 370இசட்டில் கியரை இறக்கினால் வண்டியே தட்டிக் கொடுத்துக்கொள்ளும் வசதியை வைத்துவிட்டார்கள். சென்னா காலால் செய்ததை ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டுப் போகிறது. ஆக, எனக்கு மிஞ்சியது ஜென்தான். அதில் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கேபிள், வேறு எதுவும் இல்லை. தொட்டால் பேசும்.

சம ரோட்டில் நான் கண்ட வழி ரொம்பச் சாதாரணம். முதலில் பிரேக் போட்டு வேகத்தைக் குறை. காலை எடு. கிளட்ச், கியர், ஒரு தட்டு, கிளட்சை விடு. அப்புறம் வளைவு. ஒரே காலால் இரண்டு வேலை எதற்கு, நமக்கென்ன லேப் டைமா எழுதுகிறார்கள்? பின் சீட்டில் என் மாமியாரை வைத்துப் பரீட்சை பார்த்தேன். உடுமலை போய்ச் சேரும் வரைக்கும் அவர் தூக்கம் கலையவில்லை, தலை முன்னால் ஆடவில்லை. இதைவிடப் பெரிய கோப்பை எனக்கு வேண்டாம்.

ஆனால் வால்பாறை ரோடு இருக்கிறதே, அது வேறு கணக்கு. ஒரு ஞாயிறு விடியலில் யாழினியையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, உனக்குத் தெரியாததா. இறங்கும்போது பாதி ரோடு ஈரம், பாதி தேயிலைத் தோட்டத்துப் பனி. சரிவில் காலை பிரேக்கிலிருந்து எடுத்தால் அந்த ஒரு நொடியில் வண்டி வேகம் பிடித்துவிடுகிறது. அங்கேதான் பிரேக்கை விடாமல் கியர் இறக்குவதற்கு ஒரு அர்த்தம் வருகிறது. சரிவில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தியே பிடிக்க வேண்டியிருப்பதால் பெடலும் கீழே வந்து நிற்கிறது, பாதமும் எட்டுகிறது. ஒரு வளைவில் சரியாக அமைந்தது பார், சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை, இரண்டாவது கியர் போனதே தெரியவில்லை. பக்கத்தில் அவள் ஒன்றும் பேசாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கியர் லீவரைத் துடைத்தேன்.

பெருமை அடுத்த வளைவு வரைதான். எங்களுக்கு முன்னால் அரசு பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் மேலேயே சின்ன கியரைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் பிடிப்பிலேயே, பிரேக் விளக்கு எப்போதாவது ஒரு தரம் எரிய, ஒரே சீராகப் போனார். கியர் மாற்றினால்தானே தட்டிக்கொடுக்க வேண்டும்? மாற்றவே இல்லை. ஒன்பதாவது வளைவில், வரையாடு நிற்குமே, அங்கே ஒரு வெளியூர்க் கார் ஓரங்கட்டி நின்றது. முன் சக்கரத்திலிருந்து புகை, கருகிய வாடை. நான்காவது கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெடல் அடி வரைக்கும் போகிறது என்று அந்தப் பையன் பயந்துபோய்ச் சொன்னான். தண்ணீர் ஊற்றாதே, ஆறட்டும், கிளம்பினால் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாதே என்று சொல்லி, ஆறும் வரை கூட இருந்துவிட்டு வந்தோம்.

அப்போது பாஸ்கர் நினைப்பு வந்தது, சேகர். நம் செட்டிலேயே அவன் மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. எந்த மலையானாலும் அவன் ஸ்டியரிங்கில் இருந்தால் நாம் பின்னால் படுத்துத் தூங்குவோம். அவன் போனது எந்த மலையிலும் இல்லை. பட்டப்பகலில், நேரான ரோட்டில், எதிரே வந்தவர் கண்ணசந்ததற்கு. அவன் கையும் காலும் கற்ற எதையும் எடுத்துப் பயன்படுத்த அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. யாழினிக்கு நான் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது அவள் பத்திரத்துக்கா, என் ஆசைக்கா என்று ராத்திரி படுத்தால் யோசனை ஓடுகிறது. கலாவிடம் கேட்டால், “ரெண்டும்தான், தூங்குங்க” என்கிறாள். நீ என்ன நினைக்கிறாய்? விளையாட்டாக இல்லை, யோசித்து எழுது.

இப்போதைக்கு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஊருக்குள் வித்தை கிடையாது. வெறுங்கால் அல்லது அடிப்பாகம் மெலிந்த ஷூ. மலையில் நான் பக்கத்தில் இருந்தால் மட்டும், மழை இல்லாவிட்டால் மட்டும். பதிலுக்கு அவளும் ஒரு நிபந்தனை போட்டாள்: ஓட்டும்போது நான் போனை எடுக்கக் கூடாதாம். மூன்றாவது நாளே பாலு கூப்பிட்டான், எடுக்கவில்லை, கோபித்துக்கொண்டிருக்கிறான். நீ சமாதானம் சொல்.

பொங்கலுக்கு வருவாய்தானே? உன் ஆட்டோமேட்டிக்கை எங்கள் தெருவுக்குள் கொண்டுவரக் கூடாது, ரயிலில் வா. போத்தனூரில் இறங்கினால் ஜென்னோடு வந்து நிற்கிறேன். வருவதற்கு முன் ஒரு வேலை. ஜி.பி. ரோடு பக்கம் போனால் ஜென்னுக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் ஒன்று, ஒரிஜினல் கிடைத்தால் வாங்கி வை. நான் தட்டிய தட்டில் இருப்பது நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. கடைக்காரர் எந்த வருஷத்து மாடல் என்று கேட்பார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நாளைக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
முரளி