பாதிப் பத்தி

புதுச்சேரி

அன்பு மகனுக்கு,

போன வாரம் நீ போனில் சொன்னதற்கெல்லாம் ‘சரி, சரி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு இருப்பது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய், அதிலும் பாவ பயமாக வருகிற வகை என்று பெங்களூர் டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். எனக்கு உடனே நம் வீட்டு மாடித் தொட்டிதான் ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது 14 வயது. ராத்திரி பத்து மணிக்கு மேல் குளிப்பாய், மறுபடி குளிப்பாய், விடிந்தால் தொட்டி காலி. கரண்ட் பில்லுக்காகத் திட்டினேனே தவிர, ஏன்டா இப்படிக் குளிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஞாயிறு பூசைக்கு முன்னால் மறுபடி வரிசையில் நிற்பாய். அப்படியும் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. பிள்ளை சாமியாராகப் போவான் என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

மறைக்கல்வி வகுப்பில், மோகபாவம் செய்யாதே என்கிற ஆறாம் கட்டளைப் பாடத்தை உனக்கு எடுத்தவன் நான். கைப்பழக்கம் சாவான பாவம், அதோடு செத்தால் நரகம். இவ்வளவுதான் சொன்னேன். எனக்கே கூச்சம், சீக்கிரம் முடித்தால் போதும் என்று அடுத்த பாடத்துக்கு ஓடிவிட்டேன்.

நீ பேசிய மறுநாள் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்துப் பார்த்தேன், 1992-இல் வந்தது. 2352-ஆம் பத்தி. அது ஒழுங்கு தவறிய பெரிய குற்றம் என்றுதான் அங்கேயும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பத்தி அங்கே முடியவில்லை. மன உணர்வில் முதிர்ச்சி வராதது, ஊறிப்போன பழக்கம், மனப்பதற்றம், இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும், இவை ஒருவனுடைய குற்றப்பொறுப்பை மிகவும் குறைத்துவிடும் என்று இருக்கிறது. இந்தப் பாதியை நான் வகுப்பில் வாசித்ததே இல்லை. திருச்சபை சொன்னது தப்பு என்று சொல்ல வரவில்லை, எனக்கு விசுவாசம் அப்படியேதான் இருக்கிறது. சொன்ன என் வாயில்தான் குறை.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கும் இந்த வாதை இருந்திருக்கிறது, தெரியுமா? 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்கிற ஊரில், சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிம்மதி கிடைக்காமல், குழியில் விழுந்து செத்துவிடலாமா என்கிற அளவுக்குப் போயிருக்கிறார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மீண்டார். மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடத் தோன்றும்போது ஓடாமல் இருந்து பழகு என்று உன் டாக்டர் சொன்னாரே, கிட்டத்தட்ட அதுதான். முதலில் கேட்டபோது, கோயிலுக்குப் போகாதே என்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. மன்னித்துக்கொள்.

நம் வேதக்காரர்களுக்கு மட்டுமா இது? என்னோடு வேலை பார்த்த ஒருவர், ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்பதை நம்பி, கல்யாணத்துக்கு முன்னால் லேகியத்துக்கே பாதிச் சம்பளத்தைக் கொட்டினார். தாது போய்விட்டதே என்று சோர்ந்து உருக்குலைகிற இந்த நிலைக்கு நம் நாட்டு மனநல மருத்துவர் டாக்டர் விக் 1960-இலேயே பெயர் வைத்துவிட்டாராம். விந்து போவதால் உடம்பு கெடாது என்று ஒரு வார்த்தை சொல்ல, என்னோடு வேலை பார்த்த அந்த மனிதருக்கு யாருமில்லை. உனக்கு நான் இருந்தேன், இருந்தும் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிற்றைப் பிரட்டுகிறது என்றாய். டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்திவிடாதே. பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்கிறார்கள்.

அம்மாவிடம் நீயே சொல்கிறேன் என்றதால் நான் வாய் திறக்கவில்லை. ஏதோ நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இரண்டு நாளாக என்னிடம் எதுவும் கேட்காமல் இருக்கிறாள். கிறிஸ்துமசுக்கு வா. நடுராத்திரிப் பூசைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் நானே அம்மாவை வண்டியில் கூட்டிப்போகிறேன்.

அப்பா