அந்த சீடிப் பெட்டியளை எறியாத மச்சான்

மச்சான்,

உன்ர மடல் வந்து ரெண்டு கிழமையாச்சு, உடன பதில் போட ஏலாமப் போட்டுது, குறை நினைக்காத. அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு வீட்ட கொண்டு வந்தம், அதோட மூத்தவளுக்கு ஏ.எல் சோதினை கிட்டுது, வீடு முழுக்க ஒரு பக்கம் மருந்துப் பெட்டி மற்றப் பக்கம் பாஸ்ட் பேப்பர். இப்ப அம்மா வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு பல்கனி வரைக்கும் வருவா, பின்னேரத்தில கடலோரம் போற ரெயினைப் பாத்துக்கொண்டு இருப்பா. உன்னையும் கேட்டவ, நீ போன முறை கொண்டு வந்த போர்வையைத்தான் இப்பவும் போர்க்கிறா.

புது வீட்டுக்கு மாறுறது நல்ல விசயம், ஸ்கார்பரோவில அவ்வளவு பெரிய வீட்டை வைச்சு பனி தள்ளிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஆனா உன்ர மடலில ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடேல்ல. சீடி, கசெற் எல்லாத்தையும் ஆருக்கும் குடுத்திடப் போறன், இல்லாட்டி எறியப் போறன், எல்லாம்தான் போனில கிடக்கே எண்டு எழுதியிருந்தாய். மச்சான், போனில கிடக்கேல்லடா. அதைத்தான் உனக்கு விளங்கப்படுத்த வேணும் எண்டு இருக்கிறன்.

2022 இஞ்ச எப்பிடி இருந்தது எண்டு உனக்கு நான் அப்ப வடிவாச் சொல்லேல்ல. பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, 200 ரூபா இருந்த டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 360 தாண்டினது. அந்த நேரம் நான் மாசாமாசம் காசு கட்டிப் பாட்டுக் கேக்கிற ஆப் ஒண்டு வைச்சிருந்தன், நாலு வருசமாச் சேத்த பாட்டு அதில, டவுன்லோடும் பண்ணித்தான் வைச்சிருந்தனான். கார்ட் வெளிநாட்டுக் கணக்குக்கு வேலை செய்யாமல் விட்டிட்டுது. முதல் மாசம் ஒரு எச்சரிக்கை வந்தது, பேந்து ஒரு நாள் இருட்டுக்குள்ள இருந்து போனைத் திறந்தா ஒரு பாட்டும் வேலை செய்யேல்ல. பைல் எல்லாம் போனுக்குள்ளதான் கிடக்கு, இடத்தையும் பிடிச்சுக்கொண்டுதான் கிடக்கு, ஆனா பூட்டுப் போட்டுட்டாங்கள், திறப்பு அவங்களிட்ட. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புகளில ஒழுங்காக் காசு கட்டினாலும் 30 நாளைக்கு ஒருக்கா எண்டாலும் இன்ரநெற்றில போய் முகம் காட்ட வேணும், இல்லாட்டி டவுன்லோட் பண்ணின பாட்டும் ஓடாது. அதைச் சொந்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

அண்டிரவு பிள்ளையள் வியர்த்துக்கொண்டு படுத்திருக்க, நான் அலுமாரிக்கு மேல இருந்த பழைய பேணியை இறக்கினன். உனக்குத் தெரியும் எந்தப் பேணி எண்டு. அந்த பிஸ்கட் பேணி. 95 ஐப்பசி 30, யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்ட அண்டைக்கு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில சனத்தோட சனமா ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் எண்டு நிண்டமே, அப்ப அம்மா உடுப்பு பாக்கையும் காணி உறுதிக் கட்டையும் தூக்க, நான் தூக்கினது அதைத்தான். அப்பா பேசினவர், அரிசி வைக்கிற இடத்தில உனக்குக் கசெற்றோ எண்டு. பேந்து சாவகச்சேரியில அந்தப் பேணியைத் திறந்து ஒரு துளி தண்ணி உள்ளுக்குப் போகேல்ல எண்டு கண்ட பிறகு அவரும் ஒண்டும் சொல்லேல்ல.

அதுக்குள்ள உன்ர டிடிகே 60 கசெற் கிடந்தது மச்சான். பச்சை மையால நீ எழுதின லேபல். ஒருத்தரும் பேந்து மேல அடிச்சுப் போடக் கூடாது எண்டு முதுகில இருக்கிற ரெண்டு பிளாஸ்ரிக் பல்லையும் நீதான் ஸ்குரூட்றைவரால உடைச்சனீ, ஞாபகம் இருக்கோ? ஆனா போட்டுக் கேக்க வீட்டில ஒரு செற்றும் இல்லை, என்ரது எப்பவோ பழுதாப் போட்டுது.

போன வருசம்தான் அதுக்கு ஒரு வழி வந்தது. புறக்கோட்டையில ஒரு பழைய கசெற் டெக் ஆப்பிட்டுது, பட்டனை அமத்தினா மோட்டர் சுத்துற சத்தம் கேக்குது, ஆனா கசெற் அசையேல்ல. இஞ்ச காலி வீதிக்கு உள்ளால ஒரு ஒழுங்கையில வயசான ஒரு ஐயா இன்னும் றேடியோ திருத்துறார், அவர் மூடியைக் கழட்டிக் காட்டினார், உள்ளுக்கு இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிற்றும் பஞ்சும் வைச்சு அரை மணித்தியாலம் துடைச்சு, புது பெல்ட் போட்டு, ஹெட்டையும் துடைச்சுத் தந்தார். கடற்காத்து பட்ட சாமானுக்கு பூஞ்சணம் பிடிக்கும், கசெற்றை முதல் ரெண்டு பக்கமும் முழுக்க ஓடவிட்டுட்டுக் கேள் எண்டு சொல்லி அனுப்பினார்.

இப்ப விசயத்துக்கு வாறன். 93ல கொக்குவிலில உங்கட விறாந்தையில அடிச்ச கசெற் அது. கரண்ட் இல்லாம மூண்டு வருசம், பற்றரி எண்டால் அரசாங்கம் தடை செய்த சாமான், ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயர் எடுத்து, உன்ர அண்ணன் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைச்சு ஒட்டி, நாங்கள் மாறி மாறிப் பெடலைக் கையால சுத்த, திருச்சி வானொலியில வந்த பாட்டை றெக்கோட் பண்ணினது. அதை நான் 30 வருசத்துக்குப் பிறகு ஹெட்போனைப் போட்டுக் கேக்கிறன் மச்சான், பாட்டு ஒரே வேகத்தில ஓடேல்ல. முதல் ரெண்டு பாட்டும் சீரா ஓடுது, அது உன்ர அண்ணன்ர கை. மூண்டாவது பாட்டில ரெண்டாவது சரணம் வர, மெல்ல மெல்ல குரல் ஏறிக் கீச்செண்டு வருது, வயலின் எல்லாம் அவசரப்பட்டு ஓடுது, பிறகு ஒரேயடியா இறங்கிப் பழைய வேகத்துக்கு வருது. முதல் கசெற்தான் பழுது எண்டு நினைச்சன். பேந்துதான் விளங்கினது, நீ சுத்தி உனக்குக் கை சோர்ந்த நேரம் மோட்டர் மெதுவாச் சுத்தியிருக்கு, மெதுவா ஓடின ரேப்பில பதிஞ்சது இப்ப சரியான வேகத்தில போடேக்க விரைவாக் கேக்குது. வேகம் திருப்பி இறங்கிற இடத்தில அண்ணன் உன்ர கையைத் தட்டிவிட்டுட்டுத் தான் பிடிச்சிருப்பார். றேடியோவில இருந்து நேர அடிச்சபடியால எங்கட கதை ஒண்டும் அதில இல்லை, ஆனா உன்ர கை இருக்கு.

அதே பாட்டு ஆப்பில இருக்கு, நான் இல்லை எண்டு சொல்லேல்ல, துப்பரவா, கண்ணாடி மாதிரி. அண்ணன்ர கை அதில எங்க மச்சான்?

ஆப்பில இருக்கிறதும் எப்பவும் இருக்கும் எண்டில்லை. 2023ல ஜீ மியூசிக் எண்ட பாட்டுக் கம்பனிக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் ஒப்பந்தம் சரிவராம ஏராளம் ஹிந்திப் பாட்டு ஒரேயடியா அதில இருந்து போனது. மூத்தவளின்ர லிஸ்ற்றில பாதி சாம்பல் நிறமாப் போச்சு, அவள் என்னிட்ட வந்து அப்பா இதெல்லாம் எங்க போனது எண்டு கேக்கிறாள். மைஸ்பேஸ் எண்ட பழைய இணையத்தளம் 2019ல சொன்னது தெரியுமோ, சேவர் மாத்தேக்க 12 வருசமா ஆக்கள் ஏத்தின பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சு எண்டு. எல்லாத்தையும் ஒரு இடத்தில வைச்சா என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு வேற ஆக்கள் சொல்லித் தரத் தேவையில்லை, 81ல எங்கட யாழ்ப்பாண நூலகத்தில ஒரு இரவில 97,000 புத்தகம் எரிஞ்சு போனது. வேற பிரதி இல்லாத ஓலைச்சுவடியள்தான் திரும்பி வராமலே போச்சு.

நான் ஸ்ட்ரீமிங்குக்கு எதிரி இல்லை. கார்க்காரன் போடுற பாட்டில இருந்து காருகுறிச்சி அருணாசலத்தின்ர நாதஸ்வரம் வரைக்கும் பஸ்ஸில இருந்துகொண்டே தேடிக் கேக்கலாம், அது பெரிய வசதிதான், மூத்தவள் அதால எனக்குத் தெரியாத எத்தினையோ பேரைக் காட்டித் தந்தவள். ஆனா அது வாடகை வீடு மாதிரி. கலிபோர்னியாவில 2025 தையில இருந்து ஒரு சட்டம் இருக்கு, டிஜிற்றல் சாமானை வாங்கு எண்டு சொல்லி வித்தா, கிடைக்கிறது உரிமம் மட்டும்தான் எண்டு வாங்கிறவனுக்குத் தெளிவாச் சொல்ல வேணும் எண்டு. நிரந்தரமா டவுன்லோட் பண்ணி வைச்சிருக்கக் கூடிய பைலுக்கு அது பொருந்தாது. நானும் அந்த வித்தியாசத்தைத்தான் சொல்லுறன்.

கொட்டாஞ்சேனையில ஒரு பெடியன், மூத்தவளின்ர ரியூசன் சினேகிதியின்ர அண்ணன், தமிழில ராப் செய்யிறான், நல்ல பெடியன், வரி எல்லாம் கூர்மை. ஸ்பாட்டிஃபையில 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துக்குள்ள 1,000 தரம் ஓடாட்டி அதுக்கு ஒரு சதமும் இல்லை, அவன்ர பாட்டு 600 தரம் ஓடினது. அவன் இப்ப பென் டிரைவில எட்டுப் பாட்டைப் போட்டு 1,000 ரூபாவுக்குக் குடுக்கிறான், நான் ஒண்டு வாங்கினன். நீ அங்க இருந்து பாண்ட்காம்ப் மாதிரி இடத்தில வாங்கலாம், பைல் உன்ர கைக்கு வரும், டிஜிற்றலுக்கு அவங்கள் எடுக்கிறது 15 சதவீதம்தான், மிச்சத்தில பெரும்பங்கு பாடினவனுக்குப் போகும்.

என்ர வேலை இப்ப இதுதான். ஞாயிற்றுக்கிழமையில டெக்கை லப்டொப்போட கொழுவி, ஓடாசிற்றி எண்ட ஒலிப்பதிவு மென்பொருளில போட்டு ஒரு பக்கம் ஒரு பக்கமா எடுக்கிறன், 30 நிமிசப் பக்கத்துக்கு 30 நிமிசம் இருந்தே ஆக வேணும், குறுக்கு வழி இல்லை. ஒரு மணித்தியாலம் வேவ் பைல் எண்டால் 600 எம்பி அளவு, தரம் குறையாமச் சுருக்கிற ஃபிளாக் பைல் ஆக்கினா ஏறக்குறையப் பாதி. இதுவரை 19 கசெற் முடிஞ்சுது. கோயில் திருவிழாவில ஆரோ பக்கத்தில இருந்து அடிச்ச நாதஸ்வரம் தவில் கச்சேரியும் ஒண்டு அதில, வெடிச் சத்தம், ஐஸ்கிறீம்காரன்ர மணி எல்லாம் கேக்குது. அதை 'நூலகம்' எண்ட இணைய நூலகத்து ஆக்களிட்ட குடுக்கலாமோ எண்டும் யோசிக்கிறன், அவை 2005ல இருந்து எங்கட புத்தகம், பத்திரிகை எல்லாம் டிஜிற்றல் ஆக்கிறவை தானே, ஒலிப்பதிவும் சேக்கினம்.

ஆகவே மச்சான், உன்ர பெட்டியளை எறியாத. எழுபதுகளின்ர பொப் பாட்டு, மனோகரன், நித்தி கனகரத்தினம் பாடினது, 90ல ஊரில அடிச்ச கசெற், கலியாண வீட்டுக் கசெற், அதெல்லாம் அங்க கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். முதல் லிஸ்ற் எழுதி அனுப்பு. கசெற்றை வெயில் படுற யன்னலோட வைக்காத, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலயும் வைக்காத. மார்கழியில உன்ர மச்சாள் வாறா எண்டு சொன்னனீ, அவவிட்ட ஒரு பெட்டி குடுத்து விடு, மிச்சத்துக்கு ஷிப்பிங் காசு நான் அனுப்பிறன்.

உன்ர டிடிகேயை ஃபிளாக்கா இதோட அனுப்பியிருக்கிறன். வேகத்தைத் திருத்தட்டோ எண்டு மூத்தவள் கேட்டவள், நான் விடேல்ல. மூண்டாவது பாட்டு, 11வது நிமிசம். அண்ணனுக்கும் போட்டுக் காட்டு.

வெள்ளவத்தையில இருந்து
உன்ர பழைய கூட்டாளி