ஞாயிறு கூட்டம்: துள்ளும் நியூட்ரான்

வணக்கம் நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட். இம்முறை 2002-ல் வெளிவந்த கிரெனோபிள் (பிரான்ஸ்) சோதனை. மிகக் குளிர்ந்த நியூட்ரான்களை வழுவழுப்பான கண்ணாடித் தளத்தின் மேல் ஓடவிட்டார்கள்; மேலே அவற்றை விழுங்கும் தகடு. இடைவெளி சுமார் 15 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனதும் மறுமுனையில் நியூட்ரான் வரத்தே நின்றுவிட்டது! தலைமுடியைவிட மெல்லிய இடுக்குதான், ஆனால் பழைய இயற்பியல் கணக்குப்படி கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும். காரணம்: புவியீர்ப்பில் விழும் துகளுக்கும் ஆற்றல் தொடர்ச்சியாக இல்லை, ஏணிபோலத் தனித்தனிப் படிகளாகத்தான்; மிகக் கீழ்ப் படிக்கே அவ்வளவு உயரம் வேண்டும். (இதை ‘குவாண்டம் ஈர்ப்பு (ஈர்ப்பு விசையே குவாண்டம் விதிப்படி இயங்குகிறது என்ற கருத்து) நிரூபணம்’ என்று ஃபார்வர்ட் செய்யாதீர்கள்; இங்கே ஈர்ப்பு நம் நியூட்டனுடையதேதான்.) நேரமிருந்தால் 1975-ன் நியூட்ரான் குறுக்கீட்டுச் சோதனையும் (நியூட்ரான் அலையை இரு பாதைகளாகப் பிரித்து மீண்டும் சேர்த்து, புவியீர்ப்பின் விளைவைக் கண்டது) பார்ப்போம். லிங்க் 5.50-க்கு வரும். மைக்கை மியூட்டில் வையுங்கள், ப்ளீஸ்.