ஜோசப் ஹென்றியின் தாள்கள்: ராமுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. ஜோசப் ஹென்றியின் தாள்களில் இறங்கப்போகிறாய் என்றறிந்து மனம் நிறைந்தது. அமெரிக்க இயற்பியலறிஞர்; பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்து, 1846இல் ஸ்மித்சோனியன் என்ற ஆய்வு நிறுவனத்தின் முதல் செயலாளரானவர் அவர்.

1865 ஜனவரி 24 என்ற தேதியை முதலில் குறித்துக்கொள். அன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கட்டடத்தின் மேல்தளம் எரிந்தது. படக்கூடத்தில் குளிர்காய வைத்த அடுப்பின் குழாயைப் புகைபோக்கியில் செருகாமல், சுவருக்குள் இருந்த இடைவெளியில் செருகிவிட்டார்கள். ஹென்றியின் அலுவலகக் கடிதங்கள் பெரும்பகுதி அதில் போயின. ஆகவே அதற்கு முந்திய கடிதம் ஒன்று அகப்படவில்லை என்பதால், அவர் எழுதவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதே.

எஞ்சியவற்றில் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது 1834இல் தொடங்கும் சோதனைக் குறிப்பேடுதான். மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் லெய்டன் சாடியின் மின்னிறக்கத்தைக் கம்பிச் சுருள் வழியே விட்டு, உள்ளே வைத்த ஊசி எந்தத் திசையில் காந்தமாகிறது என்று பார்த்தார். சில வேளை துருவங்கள் தலைகீழாக வந்தன. மின்சாரம் ஒரே போக்காகப் பாயாமல், முன்னும் பின்னும் ஆடி ஓய்கிறது என்று 1842இல் அவர் சொன்னதற்கு அதுதான் அடிப்படை.

பிரின்ஸ்டனுக்கு வருமுன் ஆல்பனி நகரில் அவர் ஆசிரியராக இருந்த காலத்துக்கு அப்படி நாள்வாரியான சான்று கிடையாது. காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எழுப்பும் மின்காந்தத் தூண்டலை முதலில் கண்டது யார் என்ற கேள்வியில், ஆங்கில அறிஞர் மைக்கேல் பாரடேக்கோ 1831 ஆகஸ்ட் 29 தேதியிட்ட குறிப்பு இருக்கிறது. ஹென்றியின் கட்டுரை அச்சானது 1832 ஜூலையில். 'ஹென்றியே முந்தினார்' என்று மகள் மேரி வாதாடினார்; அந்தப் பாசம் புரிகிறது, ஆனால் பின்னால் எழுதிய நினைவுகளை அன்றைய தாளின் இடத்தில் வைக்க முடியாது. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது அதே கம்பியில் மின்னழுத்தம் எழும் தன்மின்தூண்டலை முதலில் அச்சில் சொன்ன பெருமை, அதே கட்டுரையால், ஹென்றிக்கு உறுதியாக உண்டு. மேரியின் கையெழுத்துப் படிகள் கண்ணில் பட்டால், மூலம் இருக்கிறதா என்று தேடி ஒப்பிட்டுப் பார்.

சொற்களிலும் வழுக்கும். ஹென்றி எழுதும் 'அளவு' என்பதை இன்றைய மின்னோட்டத்தோடும், 'செறிவு' என்பதை மின்னழுத்தத்தோடும் ஏறக்குறைய பொருத்திப் படிக்கலாம். அப்படியே சமமென்று எடுத்தால் தவறும். மின்தடையை ஓமில் எழுதமாட்டார். கம்பியின் நீளமும் தடிமனும் தருவார். 1831 கட்டுரையில் 1,060 அடி செம்புக் கம்பி, விட்டம் 0.045 அங்குலம். இன்றைய தூய செம்பாகக் கணக்கிட்டால் சுமார் 5.4 ஓம் வரும். அன்றைய செம்பில் கலப்பு இருந்ததால், அதைக் கீழ்வரம்பாக மட்டும் கொள்.

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மையில் எழுதிய பழைய தாள் என்றால், அதிலுள்ள அமிலம் எழுத்து ஓடிய கோட்டிலேயே தாளை அரித்திருக்கும். மடிப்பை விரல் நகத்தால் நீவாதே. அடியில் ஓர் அட்டை கொடுத்துத் திருப்பு. துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழியும். கழுவி உலர்ந்த கையே நல்லது. பென்சில் மட்டும் கொண்டுபோ.

1972 முதல் 2007 வரை 11 தொகுதிகளாக அச்சான ஹென்றியின் தாள்களை முன்பே புரட்டிவிட்டுப் போ. பாதி நாள் மிச்சமாகும்.

அந்த ஊசிச் சோதனைப் பக்கங்களை எடுத்தால், சுருளில் எத்தனை சுற்று, ஒவ்வொரு ஊசியும் எந்தப் பக்கம் காந்தமானது என்று அவர் எழுதிய வரிசை மாறாமல் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
கணேசன்